தாலி கட்டும் இடத்தில் நின்றுபோன வீடியோ

கடையநல்லூரில் மூன்று முட்டாள்கள் சேர்ந்து ஒரு கல்யாண வீடியோ ஸ்டுடியோ நடத்தினார்கள். ஒருவன் கொம்பையா, கேமரா பிடிப்பவன். இன்னொருவன் இசக்கிராஜ், எடுத்ததைக் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டுபவன். மூன்றாவது முட்டாள் யார் என்று தேட வேண்டாம், இதைச் சொல்லிக்கொண்டிருப்பவன்தான். எனக்கென்று தனி வேலை கிடையாது. யோசனை சொல்வேன். ஆயுதபூஜைக்குப் பொட்டு வைப்பதும் நான்தான். கம்ப்யூட்டரைத் திறந்து, உள்ளே இருக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்குக்கூடக் குங்குமம் வைத்துவிடுவேன். என் பொட்டு எப்போதும் இடது பக்கம் சாய்ந்துதான் விழும்.

படத்தை ஓடவைப்பது அந்தக் கார்டுதான். அதற்கு வயதாகிவிட்டது. மரக்கடை தங்கபாண்டி அண்ணாச்சி மகள் கல்யாண வீடியோவில், தாலி கட்டும் இடத்தில் இசக்கிராஜ் வானத்திலிருந்து ரோஜா இதழ்களைக் கொட்டவிட்டிருந்தான். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மயில் வேறு. மாப்பிள்ளையின் கை பெண்ணின் கழுத்துவரை போகும், முதல் இதழ் விழும், படம் நின்றுவிடும்.

அண்ணாச்சி வந்து பார்த்தார்.

"மாப்பிள்ள லீவு முடிஞ்சு மஸ்கட் போறதுக்குள்ள எனக்கு வீடியோ வேணும். திரை கட்டிக் காட்டுதேன்னு சம்பந்தி வீட்டுல சொல்லிட்டேன். மானத்த வாங்கிராதீங்கடா. ஒழுங்கா முடிச்சா சின்னவ கல்யாணமும் ஒங்களுக்குத்தான்."

ஒழுங்காக முடிக்காவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. கையில் தேக்குச் சட்டம் ஒன்று வைத்திருந்தார், நாங்களே புரிந்துகொண்டோம்.

"அந்தப் பூவ எடுத்துட்டா ஓடுமோ?" என்று போகிற போக்கில் கேட்டார்.

"பூ இல்லாம தாலி கட்டுனா நல்லாவா இருக்கும், அண்ணாச்சி?" என்றான் இசக்கிராஜ். அவருடைய விவரமின்மையை நினைத்து மூன்று பேரும் வருத்தப்பட்டோம்.

பெரிய கார்டு ஒன்று வாங்குவது என்று முடிவாகித் திருநெல்வேலி போனோம். கடைக்காரர் ஜெயசிங் நல்ல மனிதர்.

"இப்பம் அவசரப்படாதீங்க. புது மாடல் வரப்போகுது. வந்துட்டா இப்பம் இருக்கிறது எல்லாம் வெல எறங்கும். அதுவரைக்கும் வெல மேல ஒரு கண்ணு வச்சுக்கிடுங்க" என்றார்.

ஊர் திரும்பியதும் ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் விலைப் பக்கத்தைத் திறந்துவைத்து, முறை போட்டுப் பார்த்தோம். கொம்பையா இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"என்னல செய்யுத?"

"ஒரு கண்ணுதானே வைக்கச் சொன்னாரு. ரெண்டையும் வச்சு வேற எதுவும் ஆயிட்டா?"

யோசித்துப் பார்த்தால் அதுவும் சரிதான் என்று நானும் பொத்திக்கொண்டேன். கம்ப்யூட்டர் இந்தக் காரியத்தில் இருந்ததால் அதில் வேறு வேலை எதுவும் நடக்கவில்லை.

விலை அசையவில்லை. மறுபடியும் ஜெயசிங்கிடம் போனோம்.

"கேக்கிற ஆளு ஜாஸ்தியா இருக்கு. கேக்கிறது கொறஞ்சாத்தான் வெல கொறையும்" என்றார்.

அன்றிலிருந்து நாங்கள் கேட்பதைக் குறைத்தோம். சும்மா வீட்டில் இருந்துகொண்டு கேட்காமல் இருந்தால் அவருக்கு எப்படித் தெரியும்? தினமும் பஸ் ஏறிப் போய், கடை வாசலில் வரிசையாக நின்று, "எங்களுக்கு வேண்டாம்" என்று ஆளுக்கொரு தடவை சொல்லிவிட்டு வந்தோம். கடைக்குள் நின்ற மற்றவர்களிடமும் வேண்டாம் என்று சொல்லச் சொன்னோம். ஒரு காலேஜ் பெண் நிஜமாகவே வேண்டாம் என்று திரும்பிப் போனாள். அன்றைக்குத்தான் ஜெயசிங் எங்களை உட்காரவைத்துப் பேசினார்.

"இங்க பாருங்க. ஒங்ககிட்ட இருக்கிற பழைய கார்ட இப்பமே வித்துருங்க. புதுசு வந்தபெறகு அத யாரும் சீந்த மாட்டாங்க. வேணும்னா நானே எடுத்துக்கிடுதேன். வீட்டுலயே இருங்க, வந்ததும் போன் அடிக்கேன்."

கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தோம். நல்ல விலைதான் தந்தார்.

வந்து கம்ப்யூட்டரைப் போட்டால் திரை இருட்டாக இருந்தது. விலைப் பக்கமும் இல்லை, கல்யாணமும் இல்லை.

இசக்கிராஜ் திரையைத் துண்டால் துடைத்துப் பார்த்தான். "வெலயே தெரியலயே" என்றான்.

கொம்பையா ஒற்றைக் கண்ணால் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். "ஒண்ணுமே இல்லன்னா அவ்வளவு தூரம் எறங்கிருக்குன்னு அர்த்தம். இன்னும் கொஞ்சம் பொறுப்போம்."

பொறுத்தோம். மாப்பிள்ளை பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டார் என்று அண்ணாச்சி ஆள் அனுப்பினார். கடைசியில் ஜெயசிங்கிடமிருந்து போன் வந்தது. புது மாடல் வந்துவிட்டது.

ஓடினோம். எல்லாம் விலை இறங்கியிருந்தது. நாங்கள் குறிவைத்த பெரிய கார்டும் இறங்கியிருந்தது, ஆனால் கொஞ்சம்தான்.

"நாம எதுக்காகக் காத்திருந்தோம்?" என்று கேட்டேன். யோசனை என் இலாகா.

"வெல எறங்குறதுக்கு" என்றான் இசக்கிராஜ்.

"அப்பம் எது ரொம்ப எறங்கிருக்கோ அதத்தான வாங்கணும்?"

இரண்டு பேரும் என்னைப் பெருமையோடு பார்த்தார்கள். அலமாரி முழுக்க விசாரித்ததில் ஓரத்தில் கிடந்த ஒரு கார்டுதான் ஒரேயடியாக இறங்கியிருந்தது. நாங்கள் விற்ற கார்டின் விலையில் பாதிகூட இல்லை. ஜெயசிங் கார்டையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதையா? ஒங்களுக்கா?"

"எங்க கம்ப்யூட்டருக்குச் சேருமா?"

"அது மட்டும் சேரும். அடிச்சுச் சொல்லுதேன்" என்றார். பில்லைக் கொடுத்துவிட்டுக் கடைக்குள்ளே போய்த் தண்ணீர் குடித்தார்.

பஸ்ஸில் பிரித்துப் பார்த்தோம். கார்டில் குங்குமப் பொட்டு இருந்தது. பூஜை போட்டே விற்கிறார்களே என்று கொம்பையா கன்னத்தில் போட்டுக்கொண்டான். பொட்டு இடது பக்கம் சாய்ந்திருந்தது. என்னைப் போலவே பொட்டு வைக்கிற ஒருவர் திருநெல்வேலியிலும் இருக்கிறார் என்று எனக்கு மனசு நிறைந்துபோயிற்று.

மாட்டியதும் முன்பே அங்கே குடியிருந்ததுபோலப் பாந்தமாக உட்கார்ந்தது. படம் ஓடியது. மாப்பிள்ளையின் கை கழுத்துவரை போனது, முதல் இதழ் விழுந்தது, நின்றது.

"இதுவே இப்படி நிக்குதுன்னா பழசு என்ன பாடு படுத்தியிருக்கும்? நல்லவேளை வித்தோம்" என்றான் இசக்கிராஜ்.

அன்று சாயங்காலம் கம்ப்யூட்டரையே தூக்கிக்கொண்டு போய், அண்ணாச்சி வீட்டு முற்றத்தில் திரை கட்டியாயிற்று. சம்பந்தி வீட்டார் முன்வரிசையில் இருந்தார்கள். அந்த இடம் வந்தது, நின்றது. அண்ணாச்சி மெல்லத் தேக்குச் சட்டத்தை எடுத்தார்.

கொம்பையாதான் காப்பாற்றினான். "மிச்சத்த மாப்பிள்ள நேர்ல கட்டிரட்டும்" என்றான்.

மாப்பிள்ளைக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. எழுந்து, பெண்ணின் கழுத்தில் ஏற்கெனவே கிடந்த தாலிக்கு முடிச்சுப் போடுவதுபோல் பாவனை செய்தார். இசக்கிராஜ் மாடியிலிருந்து ரோஜா இதழைக் கொட்டினான். இடது பக்கத்து மயிலாக நான் நின்றேன். வலது பக்கத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. அண்ணாச்சி சட்டத்தைக் கீழே போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சின்ன மகள் கல்யாணமும் எங்களுக்குத்தான் என்றாகிவிட்டது.

கொம்பையா அத்தனையையும் கேமராவில் பிடித்திருந்தான். அதையும் சேர்த்துத் தரச் சொல்லிவிட்டு மாப்பிள்ளை மஸ்கட் போனார். சேர்த்தோம். மாடியிலிருந்து விழுந்த இதழ் போதவில்லை என்று இசக்கிராஜ் மேலும் கொஞ்சம் சேர்த்தான், எனக்குத் தோகையும் வைத்தான். இப்போது படம் இரண்டு இடத்தில் நிற்கிறது. அடுத்த லீவுக்கு வந்து இரண்டையும் சேர்த்துக் கட்டிவிடுவதாக மாப்பிள்ளை சொல்லியிருக்கிறார்.