குழியை அறிந்தவர்

"ஒன்பது வருஷம் ஆச்சு மேடம். ஒண்ணும் வரல. வராது."

மாசிலாமணி ராஜினாமா கடிதத்தை மேஜையில் வைத்தார்.

தங்கம் தீர்ந்து மூடப்பட்ட சுரங்கம் அது. அங்கே இருபது வருடம் மேஸ்திரியாக இருந்தவர். விஞ்ஞானிகள் வந்து, ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் ஒரு படிகத்தை வைத்தபோது, அவர்களிடம் வேலை கற்றுக்கொள்ள உட்கார்ந்துவிட்டார். கற்றுக்கொடுத்த திலகவதி அவரைவிடப் பதினாலு வயது இளையவள்.

அவர்கள் காத்திருந்தது இருள் பொருளுக்கு. நட்சத்திரக் கூட்டங்களைச் சிதறாமல் பிடித்திருப்பது அதுதான் என்கிறார்கள். யாரும் கண்டதில்லை. பாறைக்குள்ளும் நமக்குள்ளும் புகுந்து போய்க்கொண்டே இருக்குமாம். என்றைக்காவது அதன் துகள் ஒன்று படிகத்தில் இடித்தால், திரையில் கோடு துள்ளும்.

கோடு துள்ளும்போதெல்லாம் காரணத்தைக் கண்டுபிடித்து நோட்டில் எழுதுவது மாசிலாமணியின் வேலை.

"அப்போ துள்ளினதெல்லாம்?"

"தண்ணி இறைக்கிற பம்ப். பாறை உக்கார்ற அதிர்வு. லிஃப்ட் கம்பி. இந்தக் குழி எனக்குத் தெரியாதா? காரணம் எழுதாம ஒரு துள்ளலையும் விட்டதில்ல."

"இருள் பொருள் இல்லைன்னு அறிக்கை எழுதிடலாமா?"

"எழுதுங்க. வீட்டுக்காரியும் நிம்மதியா இருப்பா. 'இல்லாததைத் தேடப் போறவருக்கு சோத்து மூட்டை மட்டும் தினம் வேணும்'னு ஏசுறா."

திலகவதி சிரிக்கவில்லை. இரும்பு அலமாரியிலிருந்து ஒட்டிய உறைகள் ஒன்பதை எடுத்து வைத்தாள்.

"வருஷத்துக்கு ஒண்ணு. பிரிங்க."

முதல் உறையில் ஒரு தேதி, ஒரு நேரம். வேறொன்றும் இல்லை.

"நோட்டைப் பாருங்க."

பார்த்தார். அதே தேதி, அதே நேரம். அவர் கையெழுத்து: பம்ப்.

இரண்டாவது உறை. நோட்டில்: பாறை.

மூன்றாவது. நோட்டில்: லிஃப்ட் கம்பி.

நான்காவது உறையைப் பிரிக்கக் கை வரவில்லை.

"என்ன மேடம் இது?"

"நான் போட்டது. அந்தத் துகள் இடிச்சா கோடு எப்படித் துள்ளணுமோ, அச்சு அசலா அப்படித் துள்ள வெச்சேன். நீங்க பிடிக்கிறீங்களான்னு பார்க்க."

"ஏமாத்திட்டீங்களே!"

"ஆமா."

"ஆனா முதல் தடவை பம்ப் சத்தம் கேட்டுச்சு. என் காதாலயே கேட்டேன்."

"அந்த வாரம் பம்ப் இங்க இல்ல. ரிப்பேருக்கு மேல அனுப்பினதே நீங்கதான்."

மாசிலாமணி காதைத் தடவிக்கொண்டார்.

மீதி ஆறு உறைகளையும் பிரித்தார். ஆறுக்கும் நோட்டில் காரணம் இருந்தது.

"ஒன்பதையும் விட்டுட்டேன்" என்றார்.

"நோட்டுல மொத்தம் எத்தனை துள்ளல்?"

எண்ணினார். நேரமாயிற்று.

"இருநூத்திப் பதினாலு."

திலகவதி ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"அதுல ஒன்பதுதான் என்னுது."