துணியைத் தின்ற வயல்

ராஜாக்களும் வரப்பில் ஏறினால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்ட காலம் அது. செம்பாறைச் சீமை அரசருக்கு ஏரிக்குக் கீழே ஒரு வயல் இருந்தது. அதைச் சரிபாதியாக்கி, ஒன்றைச் செவந்தியப்பனுக்கும் மற்றதைப் பூவாத்தாளுக்கும் உழக் கொடுத்தார்.

"மூன்று அறுவடை பார்ப்பேன். யார் கை நல்ல கையோ, முழு வயலும் அவர்களுக்கு. மற்றவர் வேறு ஊர் பார்க்கவேண்டியதுதான்."

செவந்தியப்பன் வெடியுப்பை உரமாக அள்ளி இறைத்தான். பயிர் கருகருவென்று எழுந்தது. மண்ணுக்கென்று ஒரு கைப்பிடித் தழை போடவில்லை. பூவாத்தாள் சாணியைக் கொட்டி, கொளிஞ்சித் தழையைச் சேற்றில் மிதித்தாள்.

முதல் அறுவடையில் அவனுக்கு இருபது கலம், அவளுக்குப் பன்னிரண்டு. இரண்டாவதில் அவனுக்குப் பதினாறு, அவளுக்குப் பன்னிரண்டு. மூன்றாவதில் இருவருக்கும் பன்னிரண்டு.

கூட்டிப் பார்த்தால் அவனே முன்னால்.

"என்ன பூவாத்தா, மூட்டை கட்டியாச்சா?" என்றான்.

அவள் அரசரிடம் போனாள். "ராசா, ஒரே ஒரு சோதனை. வயலுக்கு ஒரு முழம் புதுத்துணி புதைப்போம். ரெண்டு பௌர்ணமி கழிச்சுத் தோண்டுவோம்."

அப்படியே செய்தார்கள். இங்கேதான் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். அவன் வயல் துணி ஓர் இழைகூடக் கெடாமல் வெளியே வந்தது. அவள் வயலில் மிஞ்சியது நாலு நூல்.

செவந்தியப்பன் துள்ளினான். "பாருங்க ராசா! என் மண்ணு நாணயமான மண்ணு. கொடுத்ததை அப்படியே திருப்பிக் குடுத்திருக்கு. இவ மண்ணு திருட்டு மண்ணு!"

அரசரும் தலையாட்டப் போனார்.

"அதுதானே கோளாறு, அண்ணே," என்றாள் பூவாத்தாள். "மண்ணுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத கோடி வாய் இருக்கு. துணியைத் தின்ன வாய்தான் சாணியையும் தழையையும் தின்னு பயிருக்குச் சோறாக்குது. உங்க வயல்ல முன்னே மக்கிக் கிடந்த தழை சருகையெல்லாம் தின்னு தீர்த்துட்டு, புதுசா ஒண்ணும் கிடைக்காம அதுங்க செத்துப்போச்சு. அதான் இருபது பன்னிரண்டாச்சு. அடுத்த வருசம்?"

முழு வயலும் அவளுக்கே என்றார் அரசர்.

துணியைக் கையில் பிடித்தபடி நின்றவனைப் பார்த்து அவள் சொன்னாள்: "உப்பு கெட்டதில்லைண்ணே. உப்பு மட்டும் போட்டதுதான் தப்பு. ஊரை விட்டுப் போகவேண்டாம். உங்க பாதியை நீங்களே உழுங்க. தழைக்கு என் வண்டி வரும்."

மூன்று போகம் கழிந்தது. செவந்தியப்பன் மறுபடி ஒரு துணியைப் புதைத்து எடுத்தான். கந்தலும் ஓட்டையுமாக வந்த அதைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு நேரே அரண்மனைக்கே போய் நின்றான்.

பயிருக்கு மட்டும் ஊட்டி மண்ணைப் பட்டினி போடுகிறவன், நாளைக்கு அறுக்க வேண்டியதை இன்றைக்கே அறுத்துவிடுகிறான்.