ஒரு கை தள்ளி

“அந்தப் பல் டாக்டரம்மா கள்ளாட்டம் ஆடுதாங்க மேடம்” என்றார் வேதமாணிக்கம்.

கோகிலவாணி நாய்களுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“இடது கையைப் பாத்தீங்களா? எந்நேரமும் பொத்தியே வச்சிருக்காங்க. உள்ள என்னமோ இருக்கு. ஈரல் துண்டா இருக்கும். இல்லாட்டி அந்த நாய் ஏன் அவங்க முகத்தை விட்டுக் கண்ணெடுக்க மாட்டேங்குது?”

“அப்படீங்களா.”

“நீங்க பாத்ததே இல்லையா?”

“நான் நாயைத்தாங்க பாக்கறது.”

வேதமாணிக்கத்துக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. நேராகப் பதில் சொல்லாதவர்களிடம் என்னவோ இருக்கிறது என்பது அவருடைய அனுபவம்.

அவர் தூத்துக்குடித் துறைமுகத்தில் சுங்க அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பெட்டியைத் தூக்கிப் பார்த்தே கள்ள அடித்தட்டைச் சொல்லிவிடுவார். ஆள் நடந்து வருகிற விதத்திலேயே மடியில் கனம் உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும். ஓய்வு பெற்ற பிறகு மகளோடு கோவைக்கு வந்து சேர்ந்தார். வேலைதான் போனது, கண் போகவில்லை.

கோகிலவாணிக்கு அவருடைய மகளைவிட வயது குறைவு. ஊருக்கு வெளியே, மூடிக்கிடந்த ஒரு நூல் மில்லின் பின்புறப் பொட்டலில், நாய்க் கண்காட்சிகளில் நடக்கும் கீழ்ப்படிதல் போட்டிக்கு நாய்களைப் பழக்கிக்கொண்டிருந்தாள். நாய்களோடே கிடந்து அந்தப் பிள்ளைக்குப் பேச்சு மறந்துபோச்சு என்று ஊரில் சொல்வார்கள்.

வேதமாணிக்கத்தின் நாய் பெயர் துரை. அல்சேஷன். நட என்றால் முழங்காலை ஒட்டி நிழல்போல நடக்கும். உட்கார் என்றால் மழை வந்தாலும் எழாது.

ஒரே ஒரு குறை.

தூரத்தில் நிறுத்திவிட்டு ‘வா’ என்று கூப்பிட்டால், ஓடித்தான் வரும். வந்து, அவர் காலடியில் உட்கார வேண்டும். உட்காராது. ஒரு கை தூரம் தள்ளி நின்றுவிடும். நின்று, தலையைச் சற்றே திருப்பிக்கொண்டு அவரைப் பார்க்கும்.

போன கண்காட்சியில் அங்கேதான் மதிப்பெண் போனது. டாக்டர் சுகிர்தாவின் நாய் ஓடிவந்து அவர் முழங்காலில் மூக்கை வைத்து உட்கார்ந்தது. கோப்பை டாக்டருக்குப் போனது.

‘இதே டாக்டரும் இந்தக் கோகிலவாணியிடம்தானே நாயைப் பழக்குகிறாள்? அவளுக்குச் சொல்லிக்கொடுத்த எதையோ என்னிடம் ஒளிக்கிறாள்.’

இந்த எண்ணம் வந்த பிறகு வேதமாணிக்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையில் முதல் ஆளாகப் போய் நின்றார்.

“மேடம், மனசுல வச்சிக்கிடாம கேக்கேன். அந்தம்மாவுக்குச் சொன்ன வித்தையை எனக்கும் சொல்லுங்க.”

கோகிலவாணி அவரைப் பார்த்தாள். பிறகு துரையைப் பார்த்தாள்.

“ஒருவாட்டி கூப்பிடுங்க.”

கூப்பிட்டார். துரை ஓடி வந்தது. ஒரு கை தள்ளி நின்றது. வேதமாணிக்கம் எட்டி அதன் தாடையைப் பிடித்தார். வாயைத் திறந்தார். விரலை விட்டு நாக்கின் அடியிலும் கடைவாயிலும் துழாவினார். ஒன்றும் இல்லை என்று கண்ட பிறகு தலையைத் தட்டிக்கொடுத்தார்.

“எப்பவும் இப்படித்தானுங்களா?”

“ஓடி வர்ற வழியில எதையாவது கவ்வியிருந்தான்னா?”

அவள் பொட்டலின் அந்தக் கடைசியில் நின்ற வேம்பைக் காட்டினாள்.

“அங்க போய் நில்லுங்க சார்.”

“துரையையா?”

“உங்களைத்தானுங்க.”

வேதமாணிக்கம் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. போய் நின்றார்.

“வாங்க சார்!”

வந்தார். வந்ததும் அவள் அவருடைய சட்டைப் பைக்குள் கையை விட்டாள். கண்ணாடிக் கூட்டை எடுத்துத் திறந்து பார்த்தாள். மாத்திரை அட்டையை வெயிலில் பிடித்துப் பார்த்தாள். கைக்குட்டையை உதறினாள். எல்லாவற்றையும் பழையபடி வைத்தாள். தோளில் தட்டிக்கொடுத்தாள்.

“மறுபடியும் போங்க.”

“என்ன மேடம் இது?”

“போங்க சார்.”

போனார். கூப்பிட்டாள். வந்தார். மறுபடியும் கண்ணாடிக் கூடு, மாத்திரை, கைக்குட்டை. மறுபடியும் தட்டிக்கொடுத்தாள்.

“இன்னொருக்கா.”

அடுத்த முறை கூப்பிட்டபோது வேதமாணிக்கம் மெதுவாக வந்தார். வந்தவர் பாதியிலேயே சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டார். அவளுக்கு எட்டாமல் நின்றார்.

“ஏனுங்க சார் அங்கயே நின்னுட்டீங்க?” என்றாள் கோகிலவாணி.

வேதமாணிக்கத்தின் முகம் சிவந்தது.

“என்னை என்ன கடத்தல்காரன்னு நெனச்சியளா?”

அவள் தண்ணீர் வாளியை எடுத்துக்கொண்டு நடந்தாள். அவர் துரையை இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

இரண்டு நாள் வரவில்லை. அடுத்த நாள் துரையோடு வந்தார். வந்தவர் நெடுநேரம் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“இவனுக்கு முன்னால ஒருத்தி இருந்தா. பவுன்னு பேரு” என்றார். “துறைமுகத்துல இருந்தப்போ. எவனோ மதிலுக்கு மேல கறித்துண்டை வீசியிருக்கான். நான் வேலை முடிஞ்சு வாரேன், வாசல் வரைக்கும் ஓடி வந்தா. என் காலடியிலதான் விழுந்தா. வாயெல்லாம் நுரை.”

கோகிலவாணி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நான் பிடிச்சுக் கொடுத்தவன் எவனாவது பண்ணியிருப்பான். பக்கத்து வீட்டுக்காரனா இருக்கலாம். பால்காரனா இருக்கலாம். யாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.”

“தெரியலீங்களா.”

“தெரியலை.”

“அதனால எல்லாருமா?”

வேதமாணிக்கம் அவளைக் கூர்ந்து பார்த்தார். கேலி செய்கிறாளோ? முகத்தில் கேலி இல்லை. கேலி இல்லாததும் அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

“கண்காட்சி வரைக்கும் அவன் வாயைத் தொடாதீங்க” என்றாள்.

“சரி மேடம்.”

பொட்டலில் தொடவில்லை. வீட்டில், கேட்டைச் சாத்திய பிறகு, தொட்டார். முதலில் பக்கத்து வீட்டில் மீன் வாசம் வந்தது என்று தொட்டார். அப்புறம் காரணம் இல்லாமலும் தொட்டார்.

“தொட்டீங்களா சார்?” என்று ஒரு நாள் கேட்டாள்.

“சத்தியமா இல்லை.”

கூப்பிட்டுப் பார்த்தார்கள். துரை ஓடி வந்து, ஒரு கை தள்ளி நின்றது.

கோகிலவாணி ஒன்றும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று வேதமாணிக்கம் வீடு போகும்வரை யோசித்துக்கொண்டே போனார்.

கண்காட்சி நாள் வந்தது. மைதானம் நிறையக் குரைப்பும் கூட்டமும். கயிறு கட்டிய சதுரத்துக்குள் போட்டி.

நடப்பதில் துரைக்கு முழு மதிப்பெண். அழைப்பில் வழக்கம்போல எட்டி நின்றது. ஆனால் டாக்டரின் நாய் நடக்கும்போது ஒரு தடவை பின்தங்கிவிட்டது. இருவரும் சமம். மீதி இருந்தது கடைசிச் சோதனை. நாய்களை வரிசையாக உட்காரவைத்துவிட்டு, எசமானர்கள் கண்ணில் படாமல் மறைந்துவிட வேண்டும். நடுவர் கூப்பிடும்வரை நாய் அசையக் கூடாது. ஆளும் வெளியே வரக் கூடாது.

“இரு” என்றார் வேதமாணிக்கம்.

துரை இருந்தது.

பந்தலின் பின்னால் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். எல்லோரும் அதன் மறைவுக்குப் போனார்கள். வேதமாணிக்கத்துக்குப் பக்கத்தில் டாக்டர் சுகிர்தா வந்து நின்றார். இடது கை பொத்தியே இருந்தது.

அதற்கு மேல் அவரால் பொறுக்க முடியவில்லை.

“டாக்டர், அந்தக் கையைக் கொஞ்சம் திறங்க.”

“என்னங்க சார்?”

“திறங்க. நான் பாக்கணும்.”

டாக்டர் அவரை ஒரு கணம் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். ஒன்றுமில்லை. உள்ளங்கை வியர்த்து, நகம் பதிந்த தடங்கள் மட்டும் சிவப்பாக இருந்தன.

“பயமுங்க சார்” என்றார் டாக்டர். “பொத்திக்கிட்டாத்தான் நடுக்கம் வெளிய தெரியாது. ஊசி போடற கைதான். ஆனா இந்தச் சதுரத்துக்குள்ள வந்தா உதறுது.”

வேதமாணிக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்பிய இடத்தில் தார்ப்பாயில் ஒரு கிழிசல் இருந்தது.

கண்ணை வைத்துப் பார்த்தார்.

துரை உட்கார்ந்திருந்தது. கயிற்றுக்கு வெளியே, அதற்கு நேர் எதிரே, தொப்பி போட்ட ஒருவன் எதையோ தின்றுகொண்டு நின்றான். சுற்றுமுற்றும் பார்த்தான். கையிலிருந்ததைப் பிய்த்தான். நாக்கைச் சொடுக்கி, துரையை நோக்கி எறிந்தான்.

துண்டு துரையின் முன்னங்கால்களுக்கு இடையில் போய் விழுந்தது.

“சார், போகாதீங்க! அவுட் ஆயிருவீங்க!” என்றார் டாக்டர்.

அதற்குள் வேதமாணிக்கம் தார்ப்பாயைத் தள்ளிக்கொண்டு ஓடியிருந்தார். அந்த வயதில் அவ்வளவு வேகமாக அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நடுவர் கையைத் தூக்கினார்.

துரையின் முன்னால் போய் மண்டியிட்டார். துண்டு அங்கேயே கிடந்தது. பல் படவில்லை. கண்ணுக்கு நன்றாகவே தெரிந்தது.

இருந்தும் அவருடைய கை நீண்டது.

துரை எழவில்லை. விலகவில்லை. நீண்டு வரும் கையைப் பார்த்தது. கை வந்து தொடும் முன்பே, தலையைச் சற்று உயர்த்தி, தானாகவே வாயை அகலத் திறந்து காட்டியது.

நாக்கு. பல். அப்பால் இருட்டு. வேறொன்றும் இல்லை.

கை அந்தரத்திலேயே நின்றது.

துரை வாயை மூடாமல் காத்திருந்தது. அதன் கண் மட்டும் அவரைப் பார்த்தது. துறைமுகத்தில், கேட்கும் முன்பே பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார்களே, ஒரு குற்றமும் செய்யாதவர்கள். அப்படிப்பட்ட கண்.

“வேணாம்டா” என்றார் வேதமாணிக்கம். “வேணாம். மூடிக்கோ.”

நடுவர் வந்து சேர்ந்தார்.

“சார், உங்க நாய் அசையவே இல்லை. நீங்க வந்துட்டீங்க. போட்டியிலேருந்து எடுத்தாச்சு, மன்னிச்சுக்கங்க.” குனிந்து துண்டை எடுத்து முகர்ந்தார். “முட்டை பப்ஸ்” என்று சொல்லிக் கயிற்றுக்கு வெளியே வீசினார்.

காகம் ஒன்று இறங்கி அதைக் கொத்திக்கொண்டு பறந்தது. மரங்களுக்கு அப்பால் மறையும்வரை வேதமாணிக்கம் அந்தக் காகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அது விழவில்லை.

தொப்பிக்காரனைத் தேடினார். கூட்டத்தில் எத்தனையோ தொப்பிகள் இருந்தன.

கோப்பை டாக்டருக்குப் போயிற்று. கைதட்டல் ஓய்ந்த பிறகு, பந்தல் ஓரத்தில் நின்ற கோகிலவாணியிடம் வந்தார் வேதமாணிக்கம். துரை பின்னாலேயே வந்து, ஒரு கை தள்ளி நின்றது.

“மேடம்.”

“சொல்லுங்க சார்.”

“அந்தத் தொப்பிக்காரனை நீங்கதான் அனுப்பினியளா? எனக்குப் பாடம் சொல்லணும்னு?”

“இல்லீங்க.”

வேதமாணிக்கம் அவளைப் பார்த்தார். கண்ணைப் பார்த்தார். தொண்டைக்குழியைப் பார்த்தார். விரல்களைப் பார்த்தார். எத்தனையோ பேரை இப்படிப் பார்த்திருக்கிறார். முதல் கேள்விக்கு எவனும் பொய் சொல்வான். இரண்டாவது கேள்வியில்தான் அகப்படுவான். அந்த இரண்டாவது கேள்விதான் அத்தனை வருஷம் அவருக்குச் சோறு போட்டது.

அது இப்போதும் நாக்கு நுனிவரை வந்து நின்றது.

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. அவள் முகத்தில் மெய்யும் தெரியவில்லை, பொய்யும் தெரியவில்லை. ஒரு முகம், அவ்வளவுதான்.

வேதமாணிக்கம் எச்சிலை விழுங்கினார். கேள்வியும் கூடவே உள்ளே போனது.

“நான் போயிட்டு வாரேன், மேடம்.”

நடந்தார். குரைப்புக்கும் கூட்டத்துக்கும் நடுவே, ஐஸ் வண்டிகளைத் தாண்டி, வாசலை நோக்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

“சார்!” என்று கோகிலவாணி பின்னாலிருந்து கூப்பிட்டாள். “நாயைக் கூப்பிடாமயே போறீங்க?”

அவர் நிற்கவில்லை.

“வருவான்.”