சுலோச்சனா வாங்கிக் கொடுத்த நாற்காலி

கரட்டுமேட்டு மடத்துச் சாமி பதினாறு வருஷம் லாரி ஓட்டியவர். வயசு நாற்பத்தைந்து. அவரிடம் ஞானம் கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். நாச்சம்மாளும் அப்படித்தான், ஐம்பத்தாறு. ஒன்பது வருஷமாக வியாழக்கிழமை தவறாமல் வருவாள். மடத்துக்குச் சமைத்துப் போட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்பாள். ஆசை எங்கிருந்து வருது, மனசு எப்ப அடங்கும், எல்லாம் பெரிய பெரிய கேள்வி.

அந்த வியாழக்கிழமை அவள் கேட்டது நாற்காலியைப் பற்றி.

"எங்கப்பாவுக்கு எந்த நாற்காலி சரியா வருமுங்க, சாமி?"

"அவருக்கு என்ன பண்ணுது?"

"எண்பத்துமூணு ஆச்சுங்க. ஒண்ணுக்கு நிக்கறதில்லை. வருதுன்னு சொல்றதுக்குள்ள வந்துருது."

"இப்ப எதுல உக்காருறாரு?"

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள்.

"என்ற தங்கச்சி சுலோச்சனா கோயமுத்தூர்ல இருந்து ஒரு சோபா நாற்காலி அனுப்புனா. மெரூன் வெல்வெட்டு. வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் அதே பேச்சுங்க. 'எங்க சின்னவ வாங்கிக் குடுத்தது, மெத்துமெத்துன்னு இருக்கு, தொட்டுப் பாருங்க'ன்னு. தெனம் மூணு வேட்டி அலசறது நானு. அந்த வெல்வெட்டைத் தேச்சுத் தேச்சு நகம் போனது எனக்கு. பேரு மட்டும் அவளுக்கு!"

பொறாமை என்று அவள் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் என்ன, முகம் முழுக்க அதுதான் இருந்தது.

"நானும் ஒண்ணு வாங்குனேனுங்க. நடுவுல ஓட்டை, கீழ சட்டி. கழுவறது சுலபம். உக்காரவே மாட்டேனுட்டாரு. அவ வாங்குனா சிம்மாசனம், நான் வாங்குனா கக்கூஸா?"

"அதை எங்க போட்டீங்க்கா?"

"முன்ரூம்ல. டிவிக்கு எதுத்தாப்ல."

சாமி சிரிக்கவில்லை. மடத்தின் மூலையில் யாரோ ஒரு பக்தர் கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போன பழைய சோபா ஒன்று கிடந்தது. உட்கார்ந்தால் குழியில் இறங்கின மாதிரி இருக்கும். அதைக் காட்டினார்.

"உக்காருங்க்கா."

உட்கார்ந்தாள். ஒரு பெரிய செம்பு நிறைய மோர் கொடுத்தார். குடித்தாள். இன்னொரு செம்பு கொடுத்தார். அதையும் குடித்தாள்.

"நான் கூப்பிடற வரைக்கும் எந்திரிக்காதீங்க" என்று சொல்லிவிட்டுக் கத்தரிச் செடிக்குப் பாத்தி கட்டப் போய்விட்டார்.

குரு தனக்கென்று தனியாக ஒரு சோதனை வைத்துவிட்டார் என்று நாச்சம்மாளுக்கு முதலில் பெருமை தாங்கவில்லை. அரை மணி நேரம் கண்ணை மூடி இருந்தாள். அப்புறம் கண் திறந்துகொண்டது. ஒரு மணி நேரம் ஆனதும் காலை மாற்றி மாற்றிப் போட்டாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் பொறுக்க முடியவில்லை.

"சாமி!"

"என்னங்க்கா?"

"எந்திரிக்கோணுமுங்க."

"எதுக்கு?"

"சும்மாங்க. ஒரு வேலையா."

"எந்திரிங்க."

எழுந்தால்தானே! முட்டி மடங்கி உள்ளே போயிருந்தது. ஊன்றிக்கொள்ளக் கைப்பிடி இல்லை. மூன்றாவது தரம் முக்கி எழுந்து, சேலையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். திரும்பி வரும்போது முகம் கழுவியிருந்தாள். கோபமாக இருந்தாள்.

"அந்த வெல்வெட்டு நாற்காலியும் இப்படித்தான் குழியுமா?" என்றார் சாமி.

"இதைவிட மோசமுங்க."

"அதுல இருந்து கக்கூஸ் எத்தனை எட்டு?"

"இருபது இருக்கும்."

"உங்கப்பா முட்டி உசரம் என்ன?"

"அளந்து பாக்கலீங்க."

"நாற்காலி வாங்கறப்ப எதைத்தான் பாத்தீங்க?"

நாச்சம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவ வாங்குனதைப் பாத்தேன்."

"முட்டி உசரத்துல மரநாற்காலி வாங்குங்க. ரெண்டு பக்கமும் கை வெச்சது. பாதம் தரையில நல்லாப் படோணும். ரெக்சின்ல உறை தெச்சு, மேல பழைய துண்டை மடிச்சுப் போடுங்க. கக்கூஸ் கதவுக்குப் பக்கத்துல போடுங்க, முன்ரூம்ல வேண்டாம். பதினாறு வருஷம் அடக்கிக்கிட்டே வண்டி ஓட்டுனவன் சொல்றேன்."

கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனாலும் அவள் கிளம்பவில்லை.

"இன்னும் என்னங்க்கா?"

"எதை வாங்கிப் போட்டாலும் உக்கார மாட்டாருங்க, சாமி."

"ஏன்?"

முந்தானையைத் திருகினாள்.

"ஈரமாயிருச்சுன்னா, 'செம்புத் தண்ணி கொட்டிருச்சு'ம்பாரு. 'ஆமாப்பா, செம்பை ஓரமா வெச்சிருக்கோணும்'னு நானும் சொல்லித் தொடைப்பேன். ரெண்டு வருஷமா இப்படித்தான் ஓட்டுனோம். ஞாயித்துக்கிழமை பங்காளிக நாலு பேரு வந்தாங்க. சின்னவ புராணமா பாடுனாரு. கையூனி எந்திரிச்சாரு, நாற்காலி நனைஞ்சு கெடக்குது. 'தண்ணி கொட்டிருச்சு'ன்னாரு. எனக்கு எங்கிருந்துதான் அந்த ஆத்திரம் வந்துச்சோ. 'தண்ணியில்லீங்க, மூத்திரம். தெனம் நாந்தான் அலசறேன்'னு அவங்க முன்னாலயே சொல்லிப்போட்டேன்."

"அவரு என்ன பண்ணுனாரு?"

"அன்னைக்கு இருந்து பொறக்கடைக் கதவுகிட்டச் சாக்கை விரிச்சு உக்காந்துக்கறாரு. நாலு நாளா தண்ணியே சரியாக் குடிக்கறதில்லீங்க. ரெண்டு வாயி, அதோட போதும்ங்கிறாரு. உதடெல்லாம் வெடிச்சுப் போச்சு. எனக்குப் பயமா இருக்குதுங்க."

இப்போது அழுதாள். அழுகையிலும் அந்தப் பழைய கோபம் விடவில்லை.

"ஒரே ஒரு தடவை 'எங்க பெரியவ'ன்னு நாலு பேரு முன்னால சொல்லியிருந்தா நான் ஏன் சாமி அப்படிப் பேசப் போறேன்? ரெண்டு வருஷத்துல என்ற பேரு அவரு வாயில வரலீங்க. வயிறு எரியுது. பெத்த அப்பன்கிட்டயும் கூடப்பொறந்தவகிட்டயும் வயிறெரியறவ, ஒன்பது வருஷமா இங்க வந்து என்னத்தைக் கத்துக்கிட்டேன்?"

சாமி தோளில் இருந்த துண்டைக் கீழே விரித்து அவள் எதிரே உட்கார்ந்தார்.

"இப்ப நீங்கதான் உங்கப்பா. நான் பங்காளி. வந்திருக்கேன். காப்பி குடிச்சாச்சு. பேசலாமா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

"ஏனுங்கண்ணா, சின்ன மக எப்படிப் பாத்துக்குது?"

"இந்த நாற்காலி அவ வாங்கிக் குடுத்ததுதான். வெல்வெட்டு. தொட்டுப் பாருங்க" என்றாள் நாச்சம்மாள். அப்பாவின் குரல் அவளுக்கு அப்படியே வந்தது.

"பலே. பெரிய மக?"

"பெரியவதான் கூடவே இருக்கறா. தெனமும் காலையில என்ற..."

நிறுத்தினாள்.

"தெனமும் காலையில?"

"என்ற வேட்டிய..."

நாச்சம்மாள் இன்னொரு தரம் வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை.

"அவருக்கும் அந்த இடத்துலதான் நின்னு போகுதுங்க்கா" என்றார் சாமி.