வரிசையில் மூன்று கற்கள்

கரட்டுப்பட்டியில் தீப்பெட்டிக் கம்பெனியை மூடியதும் மூன்று பேர் வேலையில்லாமல் நின்றார்கள். மூக்கன், சேவுகன், வெள்ளைக்கண்ணு. இன்று சாயங்காலத்துக்குள் டவுன் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவைப் புதுப்பிக்காவிட்டால், இத்தனை வருஷம் காத்திருந்த சீனியாரிட்டி போய்விடும். ஊருக்கு வருவதோ ஒரே பஸ். அதுவும் டிரைவருக்கு மனசிருந்தால்தான்.

"போனதும் வரிசையில இடம் போடுங்க" என்று சொல்லி அனுப்பினாள் மூக்கன் பெண்டாட்டி.

இடம் போடத் தெரியாதா அவர்களுக்கு? ரேஷன் கடையில் ஆளுக்கொரு கல்லை வைத்துவிட்டு நிழலில் போய் உட்காருவதுதான் ஊர் வழக்கம். டவுனில் நல்ல கல் கிடைக்குமோ என்னவோ என்று, ஊரிலிருந்தே ஆளுக்கொன்று தூக்கிக்கொண்டார்கள்.

"கல்லுக்கு லக்கேஜ் போடணும்" என்றார் கண்டக்டர்.

"மடியில இருக்கிற பிள்ளைக்கு டிக்கெட் உண்டா?" என்றான் சேவுகன்.

கண்டக்டர் முன்பக்கம் போய்விட்டார். அவர்கள் பேரத்தில் ஜெயித்தது வாழ்க்கையிலேயே அந்த ஒரு தடவைதான்.

அலுவலக வாசலில் கற்களை வரிசையில் வைத்துவிட்டு எதிரே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். வரிசை நகர்ந்தது. கல் நகரவில்லை. பின்னால் வந்தவர்கள் தாண்டித் தாண்டிப் போனார்கள்.

"கொஞ்சம் முன்னாடி தள்ளி வைப்பமா?" என்றான் சேவுகன்.

"வச்ச கல்லத் தொட்டா இடம் போச்சு. ரேஷன் கடையில எத்தனை சண்டை பாத்திருக்கோம்" என்றான் மூக்கன்.

"அப்ப நாமளே போய் நிப்போம்."

"கல்லும் நிக்கும், நீயும் நிப்பியா? ஒரு ஆளுக்கு ரெண்டு இடமா? நியாயமாப் பேசுடா" என்றான் வெள்ளைக்கண்ணு.

நியாயமாம். நான் அங்கே இருந்திருந்தால் அந்தக் கல்லாலேயே பேசியிருப்பேன்.

மத்தியானம் காற்றில் கதவு படார் படாரென்று அடித்தது. பியூன் வந்து மூக்கனின் கல்லை எடுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார். இன்னொரு நடை வந்து வெள்ளைக்கண்ணுவின் கல்லைத் தூக்கிப் போய் ஆடுகிற மேசைக்கு அண்டை கொடுத்தார். சாயங்காலம் ஜன்னலைச் சாத்தினார்கள். சீனியாரிட்டி போயே போயிற்று.

அதையெல்லாம் யார் கவனித்தது?

"நம்ம கல்லு ரெண்டுக்கும் கவர்மெண்ட் வேலை கிடைச்சிருச்சுடா." மூக்கன் எழுந்து நின்று கும்பிட்டான்.

"ஒன்னோடது நிக்கிற வேலை. என்னோடது மேசை வேலை" என்றான் வெள்ளைக்கண்ணு, அடக்கமாக.

வரிசையில் தனியாகக் கிடந்த தன் கல்லைக் கட்டிக்கொண்டு சேவுகன் அழுதான். "என் கல்லுக்கு மட்டும் என்னடா குறை?"

"மேலெல்லாம் மண்ணு. இப்படி வந்து நின்னா எவன் வேலை குடுப்பான்?" என்றான் மூக்கன்.

மறுநாள் காலையில் சேவுகன் கல்லைக் குளிப்பாட்டி, எண்ணெய் தடவி, திருநீறு பூசி, துண்டில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினான். கண்டக்டர் அவனைப் பார்த்ததும் முன்பக்கம் நகரப் போனார்.

சேவுகன் விடவில்லை. "ரெண்டு முழு டிக்கெட் குடுங்கண்ணே. பிள்ளைக்கு வேலைக்குப் போற வயசாயிருச்சு."