வாடகைக்குக் கேட்ட சான்றிதழ்

சென்னியப்பனுக்குக் குரு கிடைத்தபோது அவருக்கு வயது நாற்பத்து நான்கு. குருவுக்கு முப்பத்தொன்று.

குருவின் பெயர் சபீனா. ஈரோட்டில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் பகலெல்லாம் வேலை. சாயங்காலத்தில் பக்கத்துத் தெருவில் லேப் டெக்னீஷியன் டிப்ளமோவுக்கு வகுப்பு எடுப்பார். சென்னியப்பன் அதே லேபுக்குப் பன்னிரண்டு வருடம் பைக் ஓட்டியவர். கிளினிக் கிளினிக்காகப் போய் ரத்தக் குழாய்களை வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து சேர்ப்பது அவர் வேலை. முதுகு போன பிறகுதான் படிக்கும் ஆசை வந்தது. ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லை என்று வெயிலில் நிற்பவர்களுக்கு எப்போதும் தோன்றும். மனைவி ருக்மணியின் சங்கிலியை அடகு வைத்துப் பணம் கட்டினார்.

இரண்டு வருடம் ஓடியது. பாஸ் ஆனார். சான்றிதழ் கைக்கு வந்த மூன்றாம் நாள் மத்தியானம் அதை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு லேபுக்கு வந்தார்.

சபீனா அப்போதுதான் டிபன் பாக்ஸைத் திறந்து, சாப்பிடாமலே மூடியிருந்தார். காலையிலிருந்து நூற்றுச் சொச்சம் பேர். கூட வேலை செய்யும் பெண் லீவு.

"வாங்கண்ணா. முகமே சரியில்லையே."

"ஒண்ணு கேட்கணுங்க மேடம். நீங்க சொன்னாச் சரி."

"சொல்லுங்க."

"இங்க எனக்கு வேலை இருக்குன்னு ஓனர் சொன்னாருங்க. ஒம்பதாயிரத்து ஐந்நூறு. பைக் ஓட்டுறப்பவே எனக்குப் பதினொண்ணு வந்துச்சுங்க."

"தெரியும்."

"சேலம் ரோட்டுல ஒருத்தர் புதுசா லேப் தொறக்கறாருங்க. சர்டிபிகேட்டை மட்டும் குடுங்கங்கறாரு. சுவத்துல மாட்டிக்குவாங்களாமா. வெள்ளைத் தாள்ல ஒரு கையெழுத்து வேணும், அதை ஸ்கேன் பண்ணி எல்லா ரிப்போர்ட்டுலயும் போட்டுக்குவாங்க. நான் அந்தப் பக்கமே வர வேண்டாம். மாசம் அஞ்சாயிரம்."

சபீனா டிபன் பாக்ஸை மேசை ஓரத்துக்கு நகர்த்தினார்.

"நான் பழையபடி பைக்கே ஓட்டுனா ரெண்டும் சேர்ந்து பதினாறுங்க. சங்கிலியை ஒரு வருசத்துல மீட்டுருவேன். இங்க வந்தா எப்ப மீட்கறதுன்னே தெரியல. அஞ்சு மணிக்கு அந்த ஆளு வந்து வாங்கிக்கறேன்னிருக்காரு. எது சரிங்க மேடம்?"

மேசையில் அச்சாகி வந்த ரிப்போர்ட்டுகள் கிடந்தன. சபீனா அதில் ஆறேழை எடுத்து அடுக்கினார். மேலே ஒரு வெள்ளைத் தாளை வைத்து, எழுத்தெல்லாம் மறைந்து அடியில் கையெழுத்துப் போடும் இடம் மட்டும் தெரியும்படி நகர்த்தினார். பேனாவை நீட்டினார்.

"போடுங்க."

"என்னங்க மேடம் இது?"

"உங்க கையெழுத்துத்தான். ஒண்ணொண்ணா உருவி உருவிப் போடுங்க. பாக்கக் கூடாது."

சென்னியப்பன் பேனாவைத் திறந்தார். திறந்தபடியே வைத்துக்கொண்டிருந்தார்.

"பார்க்காம எப்படிங்க?"

"சேலம் ரோட்டுல எப்படியோ அப்படி."

அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. வெள்ளைத் தாளைத் தூக்கிவிட்டுப் படிக்க ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு. நான்காவதில் நின்றுவிட்டார்.

"மேடம், இந்த ஆளு உசுரோட இருக்காருங்களா?"

"எந்த ஆளு?"

"அர்த்தநாரி, அறுபத்து மூணு வயசு. பொட்டாசியம் ஒம்பது புள்ளி ரெண்டுன்னு இருக்கு. அவ்வளவு ஏறுனா இதயமே நின்னுருமேங்க."

சபீனா அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணை அழுத்திக்கொண்டார். "இதை நான் இன்னும் பார்க்கலைண்ணா" என்றார்.

"கால்சியமும் பாதாளத்துக்குப் போயிருக்குங்க. காலையில சிவப்பு மூடிக் குழாய்ல ரத்தம் கொறஞ்சிருக்கும். ஊதா மூடிக் குழாய்ல இருந்து ஊத்தி நெரப்பிட்டீங்க போலிருக்குங்க."

ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மருந்து பூசியிருக்கும். அந்த மருந்திலேயே பொட்டாசியம் உண்டு. கால்சியத்தை அது விழுங்கிவிடும். முதல் மாதமே வகுப்பில் சொல்வார்கள். நாற்பது பேர் வரிசையில் நிற்கும்போது, கொஞ்சம்தானே என்று கை அதைச் செய்துவிடும்.

"அவர் வெளியே பெஞ்சுலதான் இருக்கார். டாக்டர் ரிப்போர்ட்டோட வரச் சொல்லியிருக்காராம். என்ன பண்ணலாம்?"

"மறுபடி எடுக்கணுங்க."

"எடுங்க."

சென்னியப்பன் வெளியே போனார். அர்த்தநாரி பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். செருப்பைக் கழற்றிக் காலுக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தார்.

"மறுக்காவுமா? காலையில அவ்வளவு எடுத்தீங்களேப்பா."

"எங்க தப்புங்கய்யா. கோவிச்சுக்காதீங்க."

"எனக்கு ஏதாச்சும் பெருசா இருக்குதா? மறைக்காமச் சொல்லு."

"ஒண்ணும் இருக்காதுங்கய்யா. அதைப் பார்க்கத்தான் எடுக்கறேன்."

ரத்தம் உறைய, சுற்ற, மெஷினில் போட, முக்கால் மணி நேரம் ஆனது. பொட்டாசியம் நான்கு புள்ளி மூன்று. கால்சியமும் சரியாக இருந்தது. சபீனா இரண்டு தரம் படித்துக் கையெழுத்துப் போட்டார். அர்த்தநாரி ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு, எதிலிருந்து தப்பினோம் என்று தெரியாமலே பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போனார்.

மணி நாலரை. சென்னியப்பன் மறுபடி வந்து உட்கார்ந்தார். அவருக்கு முதுகு வலித்தது. இவ்வளவு நேரம் ஆகியும் கேட்டதற்குப் பதில் வரவில்லை என்று எரிச்சலாகவும் இருந்தது.

"குடுக்க வேண்டாங்கறீங்க. அதானுங்களே?"

"நான் அப்படிச் சொல்லலையே."

"சொல்லாமச் சொல்றீங்க மேடம். உங்களுக்கென்ன, லேசாச் சொல்லிடுவீங்க. நான் வீட்டுக்குப் போய் ருக்மணி கழுத்தைப் பார்க்கணும். ரெண்டு வருசமா மஞ்சக் கயித்தோட இருக்கா. ஒரு வார்த்தை கேட்டதில்ல. படிச்சு முடிச்சு, வாங்கிட்டிருந்ததைவிடக் கம்மியா வாங்கப் போறேன்னு அவகிட்ட எப்படிங்க சொல்றது?"

சபீனா எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். திரும்பி வந்து, எதிரில் உட்காராமல் மேசை ஓரமாக நின்றார்.

"நான் குடுத்திருக்கேன்ணா."

"என்னதுங்க?"

"என் சர்டிபிகேட்டை. வாடகைக்கு. பையன் பிறந்தப்ப வேலைக்குப் போக முடியல. கரூர் பக்கம் ஒருத்தர் கேட்டார். மாசம் மூவாயிரத்து ஐந்நூறு. பதினொரு மாசம்."

சென்னியப்பன் நிமிர்ந்து பார்த்தார். இரண்டு வருடம் இவர் முன்னால் நோட்டைத் திறந்து உட்கார்ந்திருக்கிறார். இப்படி ஒன்றை அவர் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

"பணம் சரியா வந்துச்சுங்களா?"

"ஒண்ணாம் தேதியானா வந்துரும். ஒரு நாள் தவறல. பால் பவுடர், டாக்டர் ஃபீஸ் எல்லாம் அதுலதான் ஓடுச்சு. அது இல்லைன்னா ரொம்பச் சிரமப்பட்டிருப்பேன். பொய் சொல்ல மாட்டேன்."

"அப்புறம் எதுக்குங்க நிறுத்தினீங்க?"

"பாக்காத ரிப்போர்ட்டுல எம் பேரு போகுதேன்னு உறுத்துச்சு, திரும்ப வாங்கப் போனேன். புது வீட்டுக்குக் கடன் வாங்க ஒரிஜினல் வேணும்னு பொய் சொல்லித்தான் போனேன். அவர் நல்ல மனுஷன், டீ வாங்கிக் குடுத்தார். எத்தனை ரிப்போர்ட் போயிருக்கும்னு கேட்டேன். ஒரு நாலாயிரம் இருக்கும்மா, உன் பேருக்கு நல்ல ராசின்னார்."

"யாருக்காச்சும் ஏதாச்சும் ஆச்சுங்களா மேடம்?"

சபீனா மேசையில் மிச்சமிருந்த ரிப்போர்ட்டுகளை ஒழுங்குபடுத்தினார். ஒழுங்காகத்தான் இருந்தன.

"யாரும் எங்கிட்ட வந்து சொல்லலைண்ணா. நானும் போய்க் கேட்கல. இத்தனை வருசமா உட்கார்ந்து ஒவ்வொண்ணாப் பாக்கறேன். அந்த நாலாயிரத்துல ஒண்ணுகூட இதுல வரல."

சென்னியப்பன் மடியிலிருந்த கவரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து மணிக்கு அவர் போன் அடித்தது. எடுத்து, "வேண்டாங்க. இல்லீங்க, ரேட்டுக்காக இல்லீங்க. வேண்டாங்க" என்று சொல்லி வைத்தார். குரலில் ஒரு சந்தோஷமும் இல்லை.

பிறகு, "நாளைக்கு எத்தனை மணிக்கு வரணுங்க மேடம்?" என்று கேட்டார்.

"ஆறரைக்கு வந்துருங்கண்ணா. சர்க்கரை பாக்கறவங்க வெறும் வயித்தோட வந்து உட்கார்ந்திருப்பாங்க."