கல்வெட்டு உயரம்

ஓடையை மூடி, ஐப்பசிக்குள் ஹாக்கி பயிற்சி மைதானம் கட்டி முடிக்கச் சொன்னார் சேர்மன் தெய்வசிகாமணி. மூடினால் மழைத் தண்ணீர் முதலில் நுழைவது மேஸ்திரி இருளப்பனின் வீட்டுக்குள்தான். முடியாது என்ற இரண்டு மேஸ்திரிகளைச் சேர்மன் ஏற்கெனவே விரட்டியிருந்தார். இருளப்பன் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

“மூடிரலாங்கய்யா. உங்க பேர் போட்ட கல்வெட்டை எவ்வளவு உயரத்துல பதிக்க?”

“இதென்ன கேள்வி? நெஞ்சு உயரத்துல வையி.”

“எவ்வளவு மண்ணைக் கொட்டினாலும் தண்ணி பழைய வழியத் தேடி வருங்கய்யா. போன கார்த்திகையில இங்க கழுத்தளவு நின்னுச்சு. இந்தக் கார்த்திகையில திறப்பு விழா. மந்திரி வரும்போது உங்க பேரு முங்கிக் கெடந்தா?”

பின்னால் நின்றவர்களில் ஒருவர் சிரிப்பை மறைக்க இருமினார். சேர்மன் ஓடையையும் அதற்கு அப்பால் இருந்த மேட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மைதானம் அந்த மேட்டுக்குப் போகட்டும்,” என்றார். “கல்வெட்டை மட்டும் இன்னைக்கே அங்க பதிச்சிரு.”